ஒரு குழாய் போதாது

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எத்தனை நிர்வாகங்கள் தெரியுமா? குன்னூர் நகராட்சி முடிந்ததும் வெல்லிங்டன் கன்டோன்மென்ட். அதைத் தாண்டினால் அருவங்காடு. அங்கே மத்திய அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும், அதைச் சுற்றி ஜெகதளா பேரூராட்சி. அப்புறம் கேத்தி பேரூராட்சி. கடைசியில் உதகமண்டலம். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி அலுவலகம், தனி தண்ணீர் ஏற்பாடு.

ஆனால் ஓடைக்கு எல்லை தெரியாது. கேத்தி பள்ளத்தாக்கில் விட்ட தண்ணீர் காட்டேரி ஓடையாக இறங்குகிறது, குன்னூர் ஆற்றோடு சேர்கிறது, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலக்கிறது. மேலே ஒருவர் கழுவிவிட்டதைக் கீழே இன்னொருவர் குடிக்கிறார். மலையில் இதைவிட எளிய உண்மை வேறில்லை.

நகரத்தின் குடிநீரைத் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை எந்த ஊரிலும் எழுவதுதான். ஊரைத் தாண்டி ஆலை வருகிறது, ஆலையைச் சுற்றி வீடுகள் வருகின்றன, பிறகு தண்ணீர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் நம் ஊர்களில் அந்தக் கோரிக்கை எப்போதும் பாதியாகவே கேட்கப்படுகிறது, பாதியாகவே நிறைவேற்றப்படுகிறது. தண்ணீர் கொண்டுவரும் குழாய் வரும். திறப்பு விழாவும் நடக்கும். கழிவைக் கொண்டுபோகும் குழாய் "அடுத்த கட்டத்தில்" என்று கோப்பில் தூங்கும். சமவெளியில் இது ஒரு தவறு என்றால், மலையில் இது ஒரு ஆபத்து.

ஆலைகள் ஏன் மலைக்கு வந்தன?

நீலகிரி என்றதும் தேயிலையும் சுற்றுலாவும்தான் பலருக்கு நினைவு வரும். தொழிற்சாலை என்றால் கோவை, திருப்பூர் என்று நினைப்பார்கள். ஆனால் இந்த மலைக்குப் பெரிய ஆலைகள் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1904-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே காட்டேரி அருவியில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. பைக்காரா மின்நிலையம் வந்தது 1932-ல்தான். அதற்கு முன்பே ஒரு ஆலைக்காக மலையின் ஓடை வேலை செய்யத் தொடங்கிவிட்டது! சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் கேத்தி பக்கம் எல்லநள்ளியில் ஊசித் தொழிற்சாலை வந்தது. 1960-ல் மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967-ல் ஊட்டியின் இந்து நகரில் அதன் ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. இவற்றோடு மலை முழுக்கப் பரவிய தேயிலைத் தொழிற்சாலைகள்.

பிலிம் ஆலை ஊட்டிக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. பிலிம் தயாரிப்புக்குத் தூசி இல்லாத காற்று, குளிர்ச்சி, மிகச் சுத்தமான தண்ணீர் மூன்றும் வேண்டும். அதாவது, மலையின் சுத்தம்தான் இங்கே மூலப்பொருள். அந்தச் சுத்தத்தை நம்பி வந்த ஆலையும் அதைச் சுற்றிய ஊரும் சேர்ந்து அதைக் கெடுத்தால், அது வியாபாரக் கணக்கிலும் நஷ்டம்தான்.

எல்லா ஆலையும் ஒரே மாதிரி தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் வேலையே இலையில் உள்ள ஈரத்தை எடுப்பது. சுமார் நாலரை கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். அதற்கு விறகும் மின்சாரமும்தான் அதிகம் தேவை. மாறாக, கேரட் கழுவும் இயந்திரங்கள், ஓட்டல்கள், சலவை நிலையங்கள், உலோகத்துக்குப் பூச்சுக் கொடுக்கும் பட்டறைகள் ஆகியவை தண்ணீரை நம்பியே இருக்கின்றன. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் ஓடைத் தண்ணீரை எடுத்துக் கேரட் கழுவி, மண்ணோடு திரும்ப ஓடையிலேயே விடுவதைப் பற்றி எத்தனையோ முறை புகார் எழுந்திருக்கிறது. எனவே "தொழிற்பகுதி" என்றால் பெரிய புகைபோக்கி மட்டும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஓடும் ஒரு கழுவும் இயந்திரமும் தொழில்தான்.

ஆலை போகும், குழாய் இருக்கும்

இந்து நகரின் கதை இந்த விவாதத்துக்கு முக்கியமான பாடம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது. எக்ஸ்ரே பிலிமும், கருப்பு வெள்ளை பிலிமும், "இந்து" என்ற பெயரில் நாடு முழுக்கப் போயின. கலர் பிலிம் வந்தது, பின்னாலேயே டிஜிட்டல் வந்தது. 1996-ல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே உற்பத்தி இல்லை.

ஆனால் அந்த இடம் காலியாகிவிட்டதா? இல்லை. குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தப் பகுதியிலேயே நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டின் 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஊட்டியில் பெரிய சிகிச்சைக்கு வழியில்லாமல் மலையிறங்கிக் கோவைக்கு ஓடிய மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைக்கு, படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 450 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு. 700 படுக்கை என்றால் நாளைக்கு 3,15,000 லிட்டர். பொறியாளர்கள் பொதுவாக, கொடுக்கும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று கணக்கிடுவார்கள். அப்படியானால் சுமார் இரண்டரை லட்சம் லிட்டர் தினமும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். இது யாரையும் குற்றம் சொல்வதற்கான கணக்கு அல்ல. ஒரு பெரிய கட்டடம் வந்தால் இரண்டு குழாய்களுக்கும் எவ்வளவு வேலை வரும் என்று காட்டும் கணக்கு.

இங்கேதான் முதல் பாடம் இருக்கிறது. ஒரு ஆலையின் ஆயுள் முப்பது நாற்பது வருடம். குழாயும் அது போகும் பாதையும் அதைவிட நீண்ட நாள் இருக்கும். எனவே ஒரு கம்பெனிக்காக என்று குழாய் போடக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்குக்காகப் போட வேண்டும். நிர்வாகமே தண்ணீர் கொடுத்து, நிர்வாகமே சாக்கடை பார்க்கும் முறை ஆலை ஓடும் வரைக்கும்தான் நன்றாக இருக்கும். ஆலை நின்ற மறுநாள் மோட்டாரை ஓட்ட ஆள் இருக்காது, வால்வைத் திறக்க ஆள் இருக்காது. அங்கே குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது?

ஊட்டி ஏரியை 1820-களில் உண்டாக்கியவர் கலெக்டர் ஜான் சல்லிவன். பயன்படுத்தத் தகுந்த நல்ல தண்ணீராக இருந்த ஏரி, நகரம் வளர வளரக் கழிவு சேரும் இடமாக மாறியது. கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரின் அழுக்கு ஏரிக்கு வருவதும், மழை பெய்தால் பாதாள சாக்கடை மூடிகள் பொங்கி வழிவதும் ஊட்டிக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சிகள். காந்தலில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் இந்த நிலை! சாக்கடைக் குழாய் உள்ள நகரத்துக்கே இப்படி என்றால், தண்ணீர் மட்டும் கொடுத்துச் சாக்கடை கொடுக்காத பகுதியின் நிலையை யோசித்துப் பார்க்கலாம்.

ஏரியிலிருந்து வெளியேறும் நீர் சாண்டிநல்லா பக்கம் இறங்கிக் காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. மலையின் அந்தப் பக்கத்து நீர் மாயாற்றின் வழியாகப் பவானிசாகருக்கு வருகிறது. மலையின் இந்தப் பக்கம் கேத்தி, அருவங்காடு, குன்னூர் நீர் குன்னூர் ஆறாக இறங்கிப் பவானி வழியாக அதே பவானிசாகருக்கு வருகிறது. ஊட்டியின் மேற்கே விட்டாலும் கிழக்கே விட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். மேட்டுப்பாளையமும் ஈரோடு மாவட்டமும் நம்பியிருக்கும் தண்ணீர் அது.

மலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாக்கடை இல்லாத வீடுகள் கழிவை உறிஞ்சு குழியில் விடுகின்றன. சரிவில் அந்த ஈரம் மண்ணுக்குள்ளேயே நிற்கும். கீழ் வீட்டின் சுவரில் கசியும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஒரு வீட்டின் உபயோகம் இரண்டு மூன்று மடங்காகிறது. குழிக்குப் போகும் நீரும் அதே அளவு கூடுகிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் காரணம் மழை. ஆனாலும் நனைந்த சரிவு எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த மழை காட்டியது. அப்படிப்பட்ட மண்ணுக்குள் வருடம் முழுக்க நாமே தண்ணீரை இறக்குவது புத்திசாலித்தனமா?

திருப்பூர் சொல்லும் பாடம்

தொழிற்பகுதிக்குத் தண்ணீரும் சாக்கடையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. அதுவும் இதே பவானித் தண்ணீரை வைத்து. பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது திருப்பூரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. சாயப் பட்டறைகள் சுற்று வட்டாரக் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் வாங்கின. அதற்காக 1995-ல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் உருவானது. அரசும் தனியாரும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்த அமைப்பு. ஆயிரம் கோடி ரூபாய் அளவிலான செலவில், நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். 2005-ல் தண்ணீர் வந்தது. பெரும்பகுதி ஆலைகளுக்கு, மீதி நகராட்சிக்கும் வழியோரக் கிராமங்களுக்கும். ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்ற அளவில் விலை. வீடுகளுக்கு அதைவிட மிகக் குறைவு. நகரின் ஒரு பகுதிக்குச் சாக்கடையும் சுத்திகரிப்பும் திட்டத்திலேயே இருந்தன.

இதில் பாராட்ட வேண்டியது ஒன்று. தண்ணீரை அதிகம் பயன்படுத்துகிறவர் அதிக விலை கொடுத்தார்; அந்தப் பணம் ஏழை வீட்டின் குழாயைத் தாங்கியது. "ஆலை முதலாளிக்காக மக்கள் பணத்தைச் செலவழிப்பதா?" என்ற கேள்விக்கு இது நல்ல பதில்.

ஆனால் கவனிக்க வேண்டியதும் உண்டு. சாயக் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை கட்டாயமானது. விளைவு? பட்டறைகள் தங்கள் கழிவிலிருந்தே தண்ணீர் எடுக்கத் தொடங்கின; வெளியிலிருந்து வாங்கும் தேவை குறைந்தது. தண்ணீருக்குக் காட்டிய அவசரத்தைக் கழிவுக்கும் முதலிலேயே காட்டியிருந்தால் அவ்வளவு பெரிய திட்டம் தேவைப்பட்டிருக்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நொய்யலும் பிழைத்திருக்கும்.

ஆலைக்குக் குடிநீர் எதற்கு?

ஊட்டிக்குத் தண்ணீர் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில், கோரிசோலை, தொட்டபெட்டா, கோடப்பமந்து போன்ற இடங்களிலிருந்து வருகிறது. பெரும்பகுதி பார்சன்ஸ் வேலியிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுவது. சோலைக் காடும் புல்வெளியும் சேர்த்து வைத்துக் கொடுக்கும் தண்ணீர் அது. கோடை சீசனில் ஊருக்கே அது இழுபறிதான். 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள் தொகை 88,430. சீசனில் வெளியூர்க் கூட்டம் அதற்கு மேல். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கும் அளவுக்குக் கூட்டம். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தரை கழுவவும் இயந்திரம் குளிர்விக்கவும் கொடுப்பது சரியா?

சென்னை இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நகரின் சாக்கடை நீரை உயர்தரமாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர். கொடுங்கையூர் நீர் மணலி பக்கத்து ஆலைகளுக்கு. கோயம்பேடு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. ஊரின் கழிவு ஆலைக்குத் தண்ணீராகிறது, ஆலை விட்டுக்கொடுத்த ஏரித் தண்ணீர் வீட்டுக்குப் போகிறது. நீலகிரியில் தேவைப்படும் அளவு இதில் ஒரு சிறு துளிதான். ஆனால் யோசனை அதேதான்: குடிநீர் மனிதருக்கு, சுத்திகரித்த நீர் தொழிலுக்கு. இதைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் கழிவைச் சேகரிக்கும் குழாய் வேண்டும். திரும்பவும் அந்த இரண்டாவது குழாய்க்கே வந்து நிற்கிறோம்.

மறுப்புகள்

"மலையில் சாக்கடை போடுவது செலவு அதிகம்" என்பார்கள். உண்மைதான். பாறை, வளைவு, குறுகிய சந்து எல்லாம் உண்டு. ஒரு ஊரின் கழிவை மேடு தாண்டி இன்னொரு ஊரின் நிலையத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றினால் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் ஏற்ற வேண்டியதே இல்லையே! கழிவு தானாக இறங்கும். ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும் சிறிய சுத்திகரிப்பு நிலையம் வைத்தால் போதும். மலையின் சரிவு தண்ணீர் கொண்டுவருவதற்குப் பகை. கழிவைக் கொண்டுபோவதற்கு நட்பு.

"எல்லாக் கழிவையும் ஒரே சாக்கடையில் விடலாமா?" என்பது இன்னும் நல்ல கேள்வி. விடக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது நுண்ணுயிரிகள். உலோகம் கலந்த நீரோ அமிலமோ வந்தால் அவை செத்துப்போகும். அன்றைக்கு நிலையமே நின்றுவிடும். ஆலை தன் ரசாயனக் கழிவைத் தன் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரித்த பிறகுதான் பொதுச் சாக்கடையோடு இணைப்புத் தர வேண்டும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு வெளியே போனது தெரிந்து 2001-ல் ஆலை மூடப்பட்டது. அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் பிரச்சினை அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. மலையில் ஒரு முறை மண்ணில் இறங்கிய விஷத்தைத் திரும்ப எடுப்பது அவ்வளவு கடினம்.

"முதலில் தண்ணீர் வரட்டும், சாக்கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது மூன்றாவது. குடத்தோடு நிற்கும் பெண்களைப் பார்த்து "சாக்கடை முடியும் வரை காத்திருங்கள்" என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் தேவையான தண்ணீர் எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லா ஹட்டிக்கும் எல்லா லைன் வீட்டுக்கும் போக வேண்டும். நிபந்தனை வேறு இடத்தில் வேண்டும்: ஆலைக்கும், ஓட்டலுக்கும், பெரிய கட்டடத்துக்கும். கழிவுக்கு வழி காட்டாதவருக்கு மொத்தமாகத் தண்ணீர் இணைப்பு இல்லை என்று சொல்வதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில், தண்ணீர்த் திட்டத்துக்கும் சாக்கடைத் திட்டத்துக்கும் தனித்தனி மதிப்பீடு போடும் பழக்கம் போக வேண்டும். ஒரே மதிப்பீடு, ஒரே ஒப்பந்தம், ஒரே திறப்பு விழா.

இரண்டாவது, நிர்வாக எல்லையை விட்டுப் பள்ளத்தாக்கை அலகாக எடுக்க வேண்டும். கேத்தியிலிருந்து குன்னூர் வரைக்கும் ஒரே நீர்வழி என்றால், நகராட்சி, பேரூராட்சிகள், கன்டோன்மென்ட், தொழிற்சாலை நிர்வாகம் எல்லோரும் உட்காரும் ஒரு மேசை வேண்டும். தனித்தனியாகச் செய்தால் மேலே இருப்பவர் சுத்தம் செய்ததாகக் கணக்கு எழுதுவார். கீழே இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது, விலை. வீட்டுக்குக் குறைவு, தொழிலுக்கு அதிகம், சுத்திகரித்த நீரை வாங்குகிற தொழிலுக்குச் சலுகை. அதே நேரம் ஆலைகள் கட்டும் பணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது. ஆலை நின்றாலும் ஊர் இருக்கும் என்பதை இந்து நகர் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

மலையிலிருந்து இளைஞர்கள் வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். அவர்கள் இங்கேயே வாழ வேண்டுமானால் தொழில் வேண்டும். தொழில் வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். அதை மறுப்பவர்கள் மலையை நேசிப்பதாகச் சொல்லலாம். மலையில் வாழ்பவர்களை நேசிப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் வேலை முடிந்து எந்த வழியாக இறங்கும் என்பதையும் அதே நாளில் முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால், வேலை தேடி மலையிறங்கிய பையன் திருப்பூரில் குழாயைத் திறக்கும்போது அவன் ஊர்ச் சாக்கடையும் பவானி வழியாக அவனைத் தேடி வந்து சேரும்.